அக்காவுக்குப் பதில் சொன்ன முகவரி

என் அக்கா பல் செட் செய்பவள். நோயாளியின் வாயில் எடுத்த அச்சை மருத்துவர்கள் சிறு பெட்டிகளில் அடைத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையின் வடிவம் எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பிறகு அந்த மெழுகை உறுதியான ஈறாக மாற்றி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவள் வேலைசெய்யும் கூடத்தின் தொழில். ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் அக்காவின் மேசை, ஒரு சிறு தீச்சுடர், மெழுகுக் கத்திகள். பின்னறையில் மெருகேற்றும் இயந்திரமும் அதை ஓட்டுகிற மனிதரும். எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர்தான். வேலை முடிந்து எழும்போது அக்காவின் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும்.

"உங்க அக்கா ஊருக்கெல்லாம் பல்லு கட்டித் தருது தம்பி. ஆனா அது பல்லைக் காட்டி நான் ஒருநாளும் பாத்ததில்ல" என்பார் பாலிஷ்காரர்.

"உங்களப் பாத்தா பல்லைக் கடிக்கத்தான் தோணுது" என்பாள் அக்கா, தலை நிமிராமல்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. முன்பற்களின் அழகைப் பார்த்து எந்த செட்டையும் அவள் அனுப்பமாட்டாள். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே நீலத் தாளை வைத்துக் கடிக்கவிட்டு, எங்கெங்கே நிறம் ஒட்டியிருக்கிறது என்று பல் பல்லாகப் பார்ப்பாள். "முன்பல்லு வெறும் விளம்பரம்டா. கடைவாய்ப் பல்லுதான் சோறு போடும்" என்பது அவள் வாக்கு. அந்த நிதானம் அவளிடம் எல்லா விஷயத்திலும் இருந்தது. ஒரே ஒரு விஷயத்தில் அது இல்லாமல் போனதைத்தான் எழுதப் போகிறேன்.

அவள் கணவர், என் மாமா, வெல்டர். கூடத்தில் அடுப்பு வைக்கிற இரும்புத் தாங்கி உடைந்தபோது அதைப் பற்றவைக்க வந்தவர். அந்த முதல் நாளை அக்கா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"இந்தக் கால் கொஞ்சம் வளைஞ்சிருக்கு" என்று இவள் சுட்டிக்காட்டியிருக்கிறாள்.

"வளைஞ்சிருக்கு" என்றாராம் அவர், முகமூடிக்குள்ளிருந்து.

"என்ன, கிண்டலா?"

"கிண்டலா!"

"முதலாளிகிட்டச் சொல்லிடுவேன்."

"சொல்லிடுவேன்!"

அது கிண்டல் அல்ல, அவருடைய இயல்பு. மனம் குளிர்ந்திருக்கும்போது எதிரிலிருப்பவரின் கடைசிச் சொல்லை வாங்கி, வேறொரு ராகத்தில் திருப்பித் தருவார். திருமணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் "சோப்பு தீந்துபோச்சுங்க" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் எழுந்தால், "போச்சுங்க!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வரும். அக்கா எரிச்சலடைவதுபோல் காட்டிக்கொள்வாள். ஆனால், வேண்டுமென்றே அவள் சில வாக்கியங்களை நல்ல சொல்லில் கொண்டுபோய் முடிப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

பிறகு மாமா கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றுக்கு ஒப்பந்தத்தில் போனார். அங்கே கூலியை வங்கியில் போடாமல், டாலர் மதிப்பைத் தொடர்ந்து செல்லும் கிரிப்டோ நாணயமாகக் கொடுத்தார்கள். விடுமுறையில் வந்தபோது அக்காவின் கைபேசியில், அந்த நாணயத்தைப் பணப்பைபோல் வைத்துக்கொள்ளும் ஒரு வாலட் செயலியைத் திறந்துகொடுத்தார். அதைப் பற்றி அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயங்கள். நீளமான எழுத்தும் எண்ணுமாக இருக்கிற முகவரியை யாரிடமும் கொடுக்கலாம். அதைக்கொண்டு பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது. பன்னிரண்டு ரகசியச் சொற்களை மட்டும் கடவுளே வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது. அவை யார் கையில் இருக்கின்றனவோ அவர்தான் பணத்துக்குச் சொந்தக்காரர். தம் முகவரியையும் ஒரு குறுஞ்செய்தியாக அவளுக்கு அனுப்பிவைத்தார். அவர் சொன்னவை இரண்டுமே சரியானவை. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அது அவருக்கே தெரிந்திருக்காது.

மாதாமாதம் அவர் அனுப்பிய நாணயத்தில் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டு மிச்சத்தை அக்கா வாலட்டிலேயே விட்டுவைத்தாள். பீங்கான் பல் சுடுகிற சூளை ஒன்று வாங்கித் தனியாகத் தொழில் தொடங்க வேண்டும் என்பது அவள் கனவு. அந்தக் கனவின் குறுக்கேதான் மாமாவின் கடைசி அழைப்பு வந்தது.

"அந்தப் பணத்த எனக்கே திருப்பி அனுப்பு. பாதியில போறதுக்கான அபராதத்த ஒப்பந்தக்காரன் மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு ஊரு வந்து சேர்றேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தானேங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வாங்க."

"பல்லு உன் தொழிலு. எனக்கு இங்க உயிரு தேயுது."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுநாள் அவருடைய எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். நிறுவனத்துக்கு நான் பதிவுத் தபாலில் மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: "மேற்படி நபர் தாமாகவே பணியிலிருந்து விலகிச் சென்றுவிட்டார்." எங்கே சென்றார் என்று எழுத அவர்களுக்கு மை போதவில்லை. கடிதங்களின் நகல்களும், ஒப்புகைச் சீட்டுகளும், அந்த ஒற்றை வரிப் பதிலும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

நான் எல்லாவற்றையும் சேர்த்துவைப்பதை அக்கா கேலிசெய்வாள். வீட்டில் எனக்குப் பெயரே 'ஃபைலு'. ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். நான் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவன். உதிரிபாகம் வாங்கித் தந்துகொண்டிருந்த கூட்டாளிக்கு ஒருமுறை கிரிப்டோவில் பணம் அனுப்பினேன். முன்பு அனுப்பிய பட்டியலிலிருந்து அவருடைய முகவரியை நகலெடுத்தேன். பணம் அவருக்குப் போகவில்லை; அவருடைய முகவரியைப் போலவே தோற்றமளித்த இன்னொன்றுக்குப் போய்விட்டது. என் பட்டியலுக்குள் அதை ஒரு திருடன் கொண்டுவந்து வைத்திருந்தான். நான் நாணயம் வாங்கியிருந்த நிறுவனம், "அனுப்பியது நீங்கள்தானே" என்று கைகழுவியது. கூட்டாளி என்னைத் திருடன் என்றார். பறிபோன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று முளைத்த ஒரு 'உதவி மையம்' பன்னிரண்டு சொற்களைக் கேட்டது, திருடனுக்குத் தம்பி. அதற்கு நான் பதிலெழுதவில்லை. சொல்லித்தர ஆளில்லாததால் எல்லாவற்றையும் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். என் பக்கத்து நியாயம் இன்றுவரை ஓர் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்ததால்தான் அக்கா தன் ரகசியத்தை என்னிடமிருந்து மறைத்தாள்.

எனக்கு முதலில் சொன்னவர் பாலிஷ்காரர். டயர் கடை வாசலில் நிறுத்தி, "தம்பி, உங்க மாமா பேசிட்டாரா?" என்றார்.

"இல்லையே. ஏன்?"

"அக்கா பாட்டை முணுமுணுக்குது. நேத்து என்னைப் பாத்து 'சாப்டீங்களா'ன்னு கேட்டுச்சு. எனக்குப் பயமா இருக்கு தம்பி."

மேலே போனேன். மதிய இடைவேளை. பாலிஷ் இயந்திரம் நின்றிருந்ததால் கூடமே வேறோர் இடம்போல் இருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் கைபேசியைக் கவிழ்த்தாள். பிறகு தானே நிமிர்த்தினாள்.

"நானே உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன்டா. பெரிய தொகை அனுப்பணும்னா கட்டணம் எவ்வளவு பிடிப்பான்?"

"யாருக்கு?"

அவள் முகம் சிவந்தது. புருவத்தில் படிந்த வெள்ளைத் தூளுக்குக் கீழே அந்தச் சிவப்பு ஒரு பள்ளிப் பெண்ணினுடையதைப் போலிருந்தது.

"மாமாவுக்கு. அவரு பதில் சொல்றாருடா."

அவள் சொன்னது இது. எண் போய்விட்டது, ஆள் இருக்கும் ஊர் தெரியாது, ஆனால் அவருடைய வாலட் முகவரி மட்டும் அவளிடம் இருந்தது. அது தொலைபேசி எண்ணைப்போல் அணைந்துபோகாது, அனுப்புவதை யாரும் மறுக்க முடியாது. ஆகவே சில மாதங்களாக அதற்குச் சிறுசிறு தொகைகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாணயமும் சில்லறையும். பணமாக அல்ல, கதவைத் தட்டுவதாக. முதல் சில தடவைகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் அனுப்பிய சற்று நேரத்திலேயே அவள் வாலட்டுக்குத் துளித்தொகை ஒன்று வந்து விழுந்தது. அனுப்பியவர் முகவரி: மாமாவுடையது.

"ஒண்ணே கால் அனுப்பினேன்னு வெச்சுக்கோ. அதே ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. முன்னால சில சைபர் மட்டும் கூட. மறுதடவை ரெண்டரை அனுப்பினேன், அதே ரெண்டும் அஞ்சும் வந்துச்சு. நான் எதைச் சொல்றேனோ அதைத் திருப்பிச் சொல்றாருடா." அவள் குரல் உடைந்து சிரித்தது. "உலகத்துல வேற எவன்டா இப்படிப் பண்ணுவான்?"

உலகத்தில் வேறு யார் அப்படிச் செய்வார்கள் என்பதை எழுதி, தேதியிட்டு, என் பெட்டியில் வைத்திருந்தேன்.

"கோவம் தீந்துடுச்சுடா அவருக்கு. அன்னிக்குக் கேட்டத இன்னிக்கு அனுப்பப் போறேன், முழுசும். சூளை கெடக்கு. அவரு வந்தா போதும்." விரல் திரையில் இறங்கியது. பரிமாற்றப் பட்டியலில் மேலாக நின்ற அந்தக் கடைசிப் 'பதிலை'த் தொட்டு முகவரியை நகலெடுக்கப் போனாள்.

"அக்கா, கையை எடு."

என்றுமில்லாத குரலில் நான் சொன்னதால்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

"மாமா முதல்முதலா அனுப்பின குறுஞ்செய்தி இருக்கா?"

"அதை அழிப்பேனா?"

அந்தச் செய்தியில் இருந்த முகவரியை ஒரு தாளில் பெரிதாக எழுதினேன். பதில் வந்த முகவரியைத் தொட்டு, சுருக்கமாக இருந்ததை முழுதாக விரித்து, அதன் கீழே எழுதினேன். செயலி பட்டியலில் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டுமே காட்டும், நடுவே புள்ளிகள். அந்தத் தலையும் வாலும் இரண்டிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. நடுப்பகுதியில் அடுத்தடுத்து ஒத்த இரண்டு எழுத்துகள்கூட இல்லை.

அக்கா மெழுகுக் கத்தியின் நுனியை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டு போனாள். நடுவில் வந்ததும் நின்றாள். திரும்பவும் தொடக்கத்திலிருந்து வந்தாள்.

"இது வேற" என்றாள்.

"வேற. நாம ரெண்டு ஓரத்தையும் மட்டும்தான் பாப்போம்னு அவனுக்குத் தெரியும். ஓரம் பொருந்துற மாதிரி முகவரி கிடைக்கிறவரைக்கும் கம்ப்யூட்டரை ஓடவிட்டு எடுத்துடுவான். இதுல யாரு யாருக்கு எவ்வளவு அனுப்பினாங்கங்கிறது ஊரறிஞ்ச பதிவு. உன் வாலட்ல எவ்வளவு இருக்குன்னும் அவனுக்குத் தெரியும். நீ அடிக்கடி எங்க அனுப்புறேன்னும் தெரியும். துளியூண்டு அனுப்பி உன் பட்டியல்ல வந்து குந்திக்கிட்டா, பெருசா அனுப்புற அன்னிக்கு நீ அவனையே நகலெடுப்பே. இப்ப எடுக்கப் போனியே, அதுக்குத்தான் காத்திருந்தான். போனா போனதுதான்கா. இதுல திரும்பக் கேக்க ஆளு கிடையாது."

அக்கா கத்தியைத் தாளின்மேல் வைத்தாள். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"ஒரு ஆளு எத்தனை முகவரி வேணும்னாலும் வெச்சுக்கலாம்னு நீதானே சொல்லியிருக்க?"

"ஆமா."

"அப்ப இதுவும் அவரோடதா இருக்கலாம். பழைய ஃபோன் தொலைஞ்சிருக்கும். புதுசு திறந்திருப்பாரு. நான் கண்டுபிடிக்கணும்னு பழசு மாதிரியே பாத்து எடுத்திருப்பாரு."

"அக்கா..."

"இருக்கலாமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு."

முடியவே முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நடக்காது என்பதற்கும் முடியாது என்பதற்கும் இடையில் ஒரு மயிரிழை உண்டு. அவள் அந்த மயிரிழையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். என்னிடமிருந்த ஆவணங்கள் அத்தனையையும் அவள் முன் கொட்டியிருந்தாலும் அவள் கை தளர்ந்திருக்காது. எனவே வாதாடுவதை விட்டுவிட்டேன்.

"சரி. கேட்டே பாத்துடுவோம். அவருக்கு மட்டும் பதில் தெரிஞ்ச ஒரு கேள்வி. ஆனா எண்ணுல கேக்கணும், எண்ணுல பதில் வரணும். திருப்பிச் சொன்னா அது பதிலாகக் கூடாது."

அக்கா சுடரைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். சட்டென்று அவள் உதட்டோரம் அசைந்தது.

"எட்டு" என்றாள்.

"எட்டுன்னா?"

"அவரு செருப்புடா. இடது கால் எட்டு, வலது கால் ஒம்போது. எந்தக் கடைக்குப் போனாலும் நான் 'எட்டு குடுங்க'ம்பேன், அவரு 'ஒம்போது குடுங்க'ம்பாரு. எட்டுல வலது கால் கத்தும், ஒம்போதுல இடது கால் கழண்டு ஓடும். கடைக்காரங்க எங்களைப் பாத்தாலே ஸ்டாக் இல்லைன்னுடுவாங்க. வீட்டுல சும்மா 'எட்டு மணி ஆச்சு'ன்னாகூட 'ஒம்போது!'ம்பாரு. இந்த ஒண்ணுல மட்டும் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னதே கிடையாது."

எட்டு நாணயம் அனுப்புவதென்று முடிவானது. எந்த முகவரிக்கு என்பதில் மறுபடி தகராறு. பதில் சொல்கிறவருக்கே அனுப்ப வேண்டும் என்றாள் அவள். மாமா கையால் அனுப்பிய முகவரிக்குத்தான் என்றேன் நான். அதன் வழியாகத்தான் அவர் இதுவரை அவள் தட்டியதைக் கேட்டார் என்பது உண்மையானால், இப்போதும் கேட்பார். அவள் ஒப்புக்கொண்டாள். பழைய குறுஞ்செய்தியிலிருந்து முகவரியை நகலெடுத்து ஒட்டி, ஒட்டியதை எழுத்தெழுத்தாக அவள் வாசிக்க நான் தாளில் சரிபார்த்தேன். நகலெடுத்ததை ஒட்டும்போது மாற்றிவிடுகிற திருட்டு நிரல்களும் உண்டு. கேட்காமலே அதையும் சொல்லிவைத்தேன். அனுப்பினாள்.

பாலிஷ்காரர் படியேறி வந்தார். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் பின்னறைக்குப் போனார். இயந்திரத்தை ஓட்டவில்லை.

கைபேசி அதிர்ந்தது.

"வந்துடுச்சு!" அக்கா இரு கைகளாலும் அதை எடுத்தாள். அந்தக் கணத்தில் அவள் முகத்தில் பார்த்ததை நான் எந்தக் காகிதத்திலும் குறித்துவைக்கவில்லை. குறிக்கவேண்டிய தேவையும் இல்லை. ஒரு மனிதர் வாசல்படியில் செருப்பைக் கழற்றுகிற ஓசையைக் கேட்டவளின் முகம் அது.

பிறகு அவள் இலக்கத்தைப் பார்த்தாள். சுழியங்கள். அவற்றின் முடிவில் ஓர் எட்டு.

"எட்டு" என்றாள். "எட்டுன்னு சொல்லுது."

இலக்கத்தை நான் தாளில் குறித்தேன்.

"கொஞ்சம் இரு. இன்னொண்ணு வரும்."

இருந்தோம். இன்னொன்று வரவில்லை. தெருவில் யாரோ டயருக்குக் காற்றடித்துவிட்டுப் போனார்கள். அக்கா கைபேசியை மேசைமேல் வைத்து, அதை விரலால் மெல்லத் தள்ளினாள்.

"அப்ப இத்தனை நாளா நான் யாரோட பேசிக்கிட்டிருந்தேன்?"

"யாரோடயும் இல்லக்கா. அது ஒரு மிஷின். நீ அனுப்பினதும் தானா அனுப்பும். ஆயிரம் பேருக்கு அனுப்பும்."

"மிஷினாவது கூப்பிட்டதும் 'ம்'ங்குதே."

"என்னையா சொல்றீங்க?" என்றார் பாலிஷ்காரர் பின்னறையிலிருந்து.

"உங்களக் கூப்பிட்டா என்னிக்கு 'ம்'ன்னிருக்கீங்க?" என்றாள் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுகை நிற்கும்வரை அந்த மனிதர் வெளியே வரவில்லை. அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்ததும் மாமாவின் உண்மையான முகவரியைப் பொதுப் பதிவில் திறந்து காட்டும்படி கேட்டாள். காட்டினேன். அவள் அனுப்பிய சில்லறைகள் எல்லாம் அங்கே இருந்தன. இன்றைய எட்டு எல்லாவற்றுக்கும் மேலே. அந்தக் கடைசி அழைப்புக்குப் பிறகு உள்ளே வந்தவை மட்டும்தான். வெளியே போனது ஒன்றுமில்லை. அவர் அதைத் திறந்தே பார்க்காமல் இருக்கலாம். பன்னிரண்டு சொற்களைத் தொலைத்திருக்கலாம். வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பெரிய தொகை?" என்றாள்.

"நாங்க மின்தூக்கியில புதுக் கயிறு மாட்டினா, ஆளில்லாம ஓட்டிப் பாக்காம ஒருத்தரையும் ஏத்தமாட்டோம். இதுவும் அப்படித்தான். முதல்ல சின்னதா அனுப்பணும். அனுப்பினது வந்துச்சுன்னு அந்த ஆளே நம்மகிட்டச் சொல்லணும். வாலட் வழியா இல்ல. குரல்ல, இல்ல நேர்ல. அதுவரைக்கும் பெருசு போகக் கூடாது."

"அவரு குரல் வந்துட்டா அப்புறம் பணம் எதுக்குடா?" என்றாள். ஆனால் பணத்தைத் தொடவில்லை அவள்.

அந்தப் பொய்ப் பதில்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. செயலியில் துளித்தொகைகளை மறைத்துவைக்க ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிடச் சொன்னேன். அவள் தயங்கினாள். மறைத்துவிட்டால் இனிமேல் அனுப்பும்போதெல்லாம் திரை சும்மாவே இருக்கும் என்றாள். ஆமாம், சும்மாதான் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே அந்தக் கட்டத்தைத் தொட்டாள். மாதக்கணக்காக அவளுக்குப் பதில் சொன்ன வரிகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து மறைந்தன. அந்த மாதங்களில் மிஞ்சியவை அவள் அனுப்பியவை மட்டும்.

இனி எப்போதும் பட்டியலிலிருந்து எடுக்காமலிருக்க, சரிபார்த்த முகவரியைச் செயலியின் முகவரிப் புத்தகத்தில் சேமிக்க வைத்தேன். அது ஒரு பெயர் கேட்டது.

"பேரு போடுக்கா."

மெழுகு படிந்த விரலால் அவள் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். 'இங்க பாருங்க' என்று இருந்தது. அவரை அவள் கூப்பிட்டதெல்லாம் அப்படித்தான்.

"இன்னிக்கு அனுப்பியாச்சேக்கா, எட்டு" என்றேன், அவள் மீண்டும் எண்களைத் தட்டுவதைக் கண்டு.

"அது நீ கேட்ட கேள்வி. இது நான் கூப்பிடறது."

சேமித்த பெயரைத் தொட்டாள். ஒற்றை நாணயம். விரிந்த முகவரியை, நான் சொல்லாமலே, தலையிலிருந்து வால்வரை கத்தி நுனியால் வருடிப் பார்த்துவிட்டு அனுப்பினாள். 'அனுப்பப்பட்டது' என்றது திரை. அதன்பின் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் பதில் வந்து விழுகிற நேரமும் கடந்தது. மறைவுக்குப் பின்னால் அது விழுந்திருக்கும், நாங்கள் பார்க்கவில்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மா இருடா ஃபைலு" என்றாள். "கோவம்னா அவரு இப்படித்தான். ஒரு வார்த்தை வராது. கதவைத் தட்டுவேன், சாப்பாட்டை வெச்சுட்டுக் கூப்பிடுவேன், சட்டையப் பிடிச்சு உலுக்குவேன். 'ம்'னுகூட வராது. என் கோவமெல்லாம் தீந்து, அவரு கோவமும் தீர்றவரைக்கும் நான் சும்மா பக்கத்துல குந்திக்கிட்டிருப்பேன். அதை மறந்துட்டு, கூப்பிட்டதும் ஓடி வர்றவனைப் போயி அவருன்னு நெனச்சேன் பாரு."

கைபேசியை, மெழுகு தெறிக்காத தூரத்தில், திரை மேலே தெரியும்படி வைத்தாள். பாதியில் நின்ற தாடையை எடுத்துக்கொண்டாள். பின்னறையில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பல் நட்டு முடிந்ததும் அவள் கண் ஒருமுறை திரைக்குப் போய்த் திரும்பியது.